நான்காம் நாட்டில் ஒரு செருப்புக் கடி

அதிபர் வாகீசன் விமானப் படிக்கட்டில் இறங்கும்போதெல்லாம் தொம்மையின் முழங்கால் வலிக்கும்.

அதிபருக்கு வயது எழுபத்தொன்று. அவர் படியிறங்கும் அழகை நட்பு நாடுகளின் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டும். கைப்பிடியைத் தொடவே மாட்டார். பட்டுக்கரை வேட்டியும் தோல் செருப்புமாக இருபத்து மூன்று படிகளையும் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி விறுவிறுவென்று இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் காத்திருக்கும் தலைவரை ஆரத் தழுவிக்கொள்வார். பதினோரு நாளில் ஐந்து நாடுகள். ஒரு நாட்டில் விடிந்தால் அடுத்த நாட்டில் இருட்டும். கூடப் போன அமைச்சர்கள் விருந்து மேசையிலேயே தூங்கி வழிவார்கள். அதிபர் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார். முத்தீவு மாதிரி ஒரு பொடி நாட்டுக்கு இப்படி ஒரு தலைவரா என்று பெரிய நாடுகள் வாய்பிளந்தன.

அந்த அலுப்பெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. விமானத்தின் வால்பக்கம், சமையல் பகுதிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அங்கே கட்டிலில் கிடந்த தொம்மையிடம் போயிற்று.

அரசாங்கக் காகிதங்களில் அவன் வேலைக்குப் பெயர் சுமையாள். அதிபரின் பிடரியில் நாணயம் அளவுக்கு ஒரு தகடு, தொம்மையின் பிடரியில் அதே அளவுக்கு இன்னொன்று. அங்கே எழும் வலி, அலுப்பு, பயம் எதுவானாலும் இங்கே வந்து இறங்கும். அங்கே ஒன்றும் மிஞ்சாது. அதிபர் விருந்தில் அளவு மீறிக் குடித்தால் தொம்மை வாந்தியெடுப்பான். எட்டு வருடமாக இதுதான் பிழைப்பு. பதினான்கு நாடுகளுக்குப் போயிருக்கிறான். ஒன்றின் மண்ணையும் மிதித்ததில்லை. மகள் அமலிக்குக் கொண்டுபோக, ஒவ்வொரு நாட்டிலும் விமானத்துக்குள் ஏற்றும் சர்க்கரைப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வான். புரியாத எழுத்து அச்சடித்த அந்தப் பொட்டலங்களைப் பள்ளிக்கூடத்தில் காட்டி, "எங்கப்பா அதிபர்கூட ஒலகம் சுத்துறாவ" என்று அவள் பீற்றிக்கொள்வாள். அவளுக்குப் பதினோரு வயது.

தொம்மையை இந்த வேலைக்குப் பிடித்துப் போட்டதற்குக் காரணம் இருந்தது. அவன் கடைத்தீவில் சங்கு குளித்தவன். மூச்சை அடக்கிக்கொண்டு, காது கிழிகிற மாதிரி வலித்தாலும் அசையாமல் வேலை பார்க்கப் பழகிய உடம்பு. அவனுக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் ஆறே மாதத்தில் புத்தி பேதலித்துப் போனார்கள். சங்கு குளிக்கிறவன்தான் இதைத் தாங்குவான் என்று கண்டுபிடித்தவர் டாக்டர் கோமதிநாயகம்.

டாக்டரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஊசி போடுவதற்கு முன்னால் மருந்துக் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துச் சூடாக்குவார், குளிர்ந்த மருந்து உள்ளே போனால் வலிக்குமே என்று. அப்படிப்பட்ட மனுஷர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொம்மை அவரிடம் ஒருநாள் கேட்டான்.

"மனசுல வாறதும் எனக்கு வருமா, டாக்டரய்யா?"

"உடம்பு வேற, மனசு வேறங்கறதெல்லாம் நாம சொல்லிக்கிறது, தொம்மை. நரம்புக்கு அது தெரியாது. பயம்னா வயித்தைக் கலக்கும். துக்கம்னா தொண்டையை அடைக்கும். செஞ்ச தப்பு உறுத்துச்சுன்னா நெஞ்சுல பாறாங்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும். அவருக்கு வந்தா உங்களுக்கு வந்துரும்."

"அப்ப அவியளுக்கு?"

"அவருக்கு எதுக்கு? அவர் நாட்டை நடத்தணுமே."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பாறாங்கல் வந்தது.

தோர்மண்ட் என்ற பணக்கார நட்பு நாடு தன் அணு உலைக் கழிவுகளைப் புதைக்க இடம் தேடிக்கொண்டிருந்தது. முத்தீவின் கடைசித் தீவு, அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் கடைத்தீவு, அதற்குத் தோதாகப் பட்டது. ஒப்பந்தத்தின் நகல் எப்படியோ வெளியே வந்துவிட்டது. தீவு நாற்பத்தொன்பது வருடத்துக்குத் தோர்மண்டுக்கு. கையெழுத்தாகும் நாள் நள்ளிரவில் தீவில் யார் யார் இருக்கிறார்களோ அவர்களும் கழிவைப் புதைக்கும் வேலைக்குத் தீவோடு சேர்த்தி. கழிவைத் தொட்டவர்களை வேறெந்த நாடும் கரையேற விடாது. ஆகவே நாற்பத்தொன்பது வருடமும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள். நாகரிகமான வார்த்தைகளில்தான் எழுதியிருந்தார்கள்.

தீவுக்காரர்கள் படகுத்துறையில் கறுப்புக் கொடியோடு கூடினார்கள். போலீஸ் சுட்டது. மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருவன் சூசை. தொம்மை கடலுக்குள் மூழ்கியிருக்கும்போது மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அவன்தான். பதினாறு வருடம் தொம்மையின் உயிர் சூசையின் கையில் இருந்தது.

தலைநகரில், அதிபர் மாளிகையின் பின்கட்டில் படுத்தபடி தொம்மை அதைத் தொலைக்காட்சியில் பார்த்தான். முன்கட்டில் அதிபரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மையின் நெஞ்சில் பாறாங்கல் விழுந்தது. மூச்சு விட முடியவில்லை. விடியும்வரை கேவிக் கேவி அழுதான். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கருவியில் தெரிந்த அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு துக்கமா அந்த மனுஷருக்குள் என்று தொம்மை மலைத்துப் போனான். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனவன், கோயில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டிச் சொன்னான்.

"நம்ம சூசைக்காக அந்த மனுசன் ராத்திரி பூரா அழுதிருக்காவ. அதைச் சுமந்தவன் நான். எனக்குத் தெரியாதா? இனிமே அந்தக் காகிதத்தத் தொட மாட்டாவ. தொட்டா அந்த நெஞ்சு தாங்காது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் காறித் துப்பியிருப்பார்கள். சூசையின் பெண்சாதியே தொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கறுப்புக் கொடிகளைக் கழற்றினார்கள். அடுத்த மாதம் அதிபர் நேரில் வந்து கோயில் படியில் நின்று, உயிருள்ளவரை இந்தத் தீவைக் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்றைக்குப் படியேறியதில் தொம்மையின் முழங்கால் வலித்தது. வேறு எதுவும் வரவில்லை.

இந்தச் சுற்றுப்பயணத்தில் நான்காவது நாடு தோர்மண்ட்.

விமானம் அங்கே தரையிறங்கியதும் டாக்டர் அறைக்குள் வந்து தன் போனை எடுத்து நீட்டினார். பயணத்தில் சுமையாளுக்குப் போன் கிடையாது. எட்டு வருடமாகக் கெஞ்சியும் கிடைத்ததில்லை.

"வீட்டுக்குப் பேசுங்க, தொம்மை."

"யாருக்காவது தெரிஞ்சா ஒங்களுக்குப் பொல்லாப்புல்லா?"

"நான் பாத்துக்கறேன். எத்தனை தடவை வேணும்னாலும் பேசுங்க."

தொம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கைக்கடிகாரம் எந்த நாட்டிலும் தீவு நேரத்தைத்தான் காட்டும். மணி ஒன்பது. மனைவி ஞானப்பூ முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏங்க, நீங்களா! விடியக்காலைலருந்து கடல்ல மூணு வெள்ளக் கப்பல் நிக்கி. நம்ம கொடி இல்ல. ஊரெல்லாம் படகுல சாமான் ஏத்தி வச்சிருக்காவ. மத்தியானம் வரைக்குந்தான் வெள்ளம் இருக்கும், அதுக்குமேல பார் தாண்ட ஏலாது. போவவா, இருக்கவா? எல்லாரும் எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்காவ."

பார் என்பது தீவைச் சுற்றிக் கிடக்கும் பவளப்பாறை. கடல் ஏறி வெள்ளமாக நிற்கும்போதுதான் படகுகள் அதைத் தாண்ட முடியும். அதற்கும் ஓர் இடைஞ்சல் இருந்தது. அதிபர் வெளிநாட்டில் இருக்கும் நாள்களில் பாதுகாப்புக்காகக் கடலை மூடிவிடுவார்கள். மீறித் தாண்டினால் படகும் போகும், வீடும் போகும். கப்பலைக் கண்டு பயந்து அறுநூறு பேர் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடிவிட முடியாது. நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

"ஏட்டி, இவிய கையெழுத்துப் போட்டா எனக்குத் தெரியாம போவுமா?" என்றான் தொம்மை. "சூசைக்கு வந்தத விடப் பத்து மடங்கு வரும். எனக்கு நெஞ்சே வெடிச்சிரும். பன்னெண்டு மணிக்குள்ள சொல்லுதேன். அதுவரைக்கும் படகுல ஆள் ஏறி ரெடியா இருக்கட்டும்."

"சரிங்க. நீங்க சொன்னாத்தான்."

போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு படுத்தான். தன் வாழ்நாளில் எந்த வலிக்கும் அவன் அப்படி ஆசையோடு காத்திருந்ததில்லை.

ஒன்பதேகாலுக்கு முழங்கால்கள் வலித்தன, படியிறங்குகிறார். கொஞ்ச நேரத்தில் வலது கை விரல் எலும்புகள் நெரிந்தன. தோர்மண்டின் தலைவர் முரட்டுத்தனமாகக் கைகுலுக்குபவர் போலிருக்கிறது. பிறகு புளித்த ஏப்பம், அந்த நாட்டு விருந்து. பதினொன்று ஆயிற்று. தொம்மை கண்ணை மூடி, கடலுக்கடியில் சங்கைத் தேடுகிற மாதிரி நெஞ்சுக்குள் தேடிக்கொண்டே இருந்தான். அங்கே எதுவும் தட்டுப்படவில்லை.

பதினொன்று இருபதுக்கு முகத்தைச் சுளித்தான்.

"என்ன?" என்றார் டாக்டர், பேனாவை எடுத்துக்கொண்டு.

"எடது கால் சுண்டுவிரலு. புதுச் செருப்பு போல. கடிக்கி."

டாக்டர் எழுதிக்கொண்டார். "வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"நல்லா கவனிச்சுச் சொல்லுங்க. நெஞ்சுல?"

"ஒண்ணுமே இல்ல, டாக்டரய்யா. லேசா இருக்கு." தொம்மை சிரித்தான்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொம்மை மறுபடி பேசினான். "போடல, ஞானப்பூ. சத்தியமா போடல. போட்டிருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். சாமானையெல்லாம் எறக்கச் சொல்லு. பிள்ளையளுக்குச் சோறு பொங்கிப் போடு."

அவள் திரும்பி அதை உரக்கச் சொல்வது கேட்டது. கூட்டம் ஓவென்று கூவியது. யாரோ கோயில் மணியை இழுத்து அடித்தார்கள். அமலி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, இந்த நாட்டுச் சீனி எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மக்களே."

அது பொய். நெஞ்சைக் கவனித்துக்கொண்டு கிடந்ததில் மறந்துபோயிருந்தான். மூன்று மணிக்கு அது ஞாபகம் வந்து, எழுந்து சமையல் பகுதிக்குப் போனான். அலமாரியிலிருந்து தோர்மண்டின் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டபோது, சுவரில் இருந்த தொலைக்காட்சியில் முத்தீவின் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நீளமான மேசை. இரண்டு தலைவர்கள். இரண்டு கொடிகள். 'நட்புறவில் புதிய அத்தியாயம்' என்று எழுத்து ஓடியது. கடைத்தீவும், இன்று நள்ளிரவில் அங்கிருக்கும் குடிமக்களும் நாற்பத்தொன்பது ஆண்டுகளுக்குத் தோர்மண்டின் பொறுப்பில் ஒப்படைக்கப்படுவதாக அறிவிப்பாளர் சொன்னாள். முத்தீவு நேரப்படி காலை பதினொன்று இருபதுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானதாம்.

கேமரா ஒன்று பக்கவாட்டில் நின்றிருந்தது. மேசைக்கு மேலே அதிபரின் கை நிதானமாகக் கையெழுத்துப் போட்டது. மேசைக்குக் கீழே அவருடைய இடது கால் சுண்டுவிரலைப் புதுச் செருப்பின் வார் கடித்துச் சிவக்க வைத்திருந்தது; அவர் அதை உணரவே இல்லை.

தொம்மை ஓடிப்போய்ப் போனை எடுத்தான். ஞானப்பூ எடுத்தாள். பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ வேற்றுப் பாஷையில் பேசுவது கேட்டது.

"கப்பல்லருந்து ஆள் எறங்கிட்டாவ. ஒவ்வொருத்தரா நிப்பாட்டிப் பேர் எழுதுதாவ. தண்ணி வத்திப் போச்சு, படகெல்லாம் மண்ணுல கெடக்கு." அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "நீங்க சொன்னீங்களேங்க. போடலன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க சொன்னதுனாலதான..."

தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு கடைத்தீவில் எந்த எண்ணும் ஒலிக்கவில்லை.

டாக்டர் வாசலில் நின்றிருந்தார். தொம்மை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். அவர் தடுக்கவில்லை.

"கருவி கெட்டுப் போச்சா? சொல்லும்! எனக்கு ஏன் வரல?"

"கருவி நல்லாத்தான் இருக்கு. சுண்டுவிரல் வலி வந்துச்சே." டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவருக்கு வந்தா உங்களுக்கு வரும்னுதான் சொன்னேன், தொம்மை. அவருக்கு வரலை."

"சூசைக்கு வந்துச்சே! ராத்திரி பூரா அழுதாவளே!"

"அன்னிக்கு அவர் எட்டரைக்கெல்லாம் தூங்கிட்டார். அவர் பக்கத்துலருந்து ஒண்ணுமே வரலை. அந்த அழுகை உங்களோடது."

தொம்மையின் பிடி தளர்ந்தது.

"எட்டு வருஷமா அடுத்தவர் வலியையே தாங்கிட்டீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு வந்தப்போ உங்களுக்கே அடையாளம் தெரியலை. நான் அளவைக் குறிச்சு மேல அனுப்பினேன். நீங்க ஊர்ல போய்ப் பேசினதும் அவங்க காதுக்குப் போச்சு. ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"அப்பமே எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லக் கூடாதுன்னாங்க. தோர்மண்டுக்கு வெறும் தீவு எதுக்கு? குழி தோண்ட ஆள் வேணும். இன்னிக்குப் படகெல்லாம் போயிருந்தா ஒப்பந்தம் நின்னு போயிருக்கும். ஊர்க்காரங்க யார் சொன்னா நிப்பாங்கன்னு மேல நல்லாத் தெரியும்."

தொம்மை தன் கையிலிருந்த போனைப் பார்த்தான். பத்தாம் வகுப்புகூடத் தாண்டாதவன்தான். ஆனாலும் இது புரிவதற்குப் படிப்பு தேவைப்படவில்லை.

"இத எங்கிட்டக் குடுத்தது..."

"நான் இல்லை. குடுக்கச் சொன்னாங்க."

தொம்மை பிடரித் தகட்டை நகத்தால் பிராண்டினான். ரத்தம் வந்தது, தகடு வரவில்லை. அது எலும்போடு வளர்ந்து வருடக்கணக்காகிறது. பிறகு டாக்டரின் காலடியில் உட்கார்ந்து, தன்னை எப்படியாவது நள்ளிரவுக்குள் கடைத்தீவில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். குழி தோண்டுகிறேன், மண் சுமக்கிறேன், அவர்களோடு இருந்தால் போதும் என்றான். பாதி உலகம் தாண்டி இருக்கும் தீவுக்கு ஒன்பது மணி நேரத்தில் யாராலும் போக முடியாது. நள்ளிரவுக்குப் பிறகு போனால் பட்டியலில் பெயர் இல்லாதவனை உள்ளே விட மாட்டார்கள். டாக்டர் இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மறுநாள் காலை விமானம் ஐந்தாவது நாட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. தொம்மை இரவு முழுவதும் கண்மூடவில்லை. நெஞ்சில் பாறாங்கல் இருந்தது. இந்தத் தடவை அது யாருடையது என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஞானப்பூவின் கடைசி வார்த்தையும், சூசையின் பெண்சாதி பிடித்த கையும், கோயில் மணியும் அதற்குள் இருந்தன. அது அவனைக் கொன்றுகொண்டிருந்தது. ஆனாலும் எட்டு வருடத்தில் முதல்முறையாக அவனுடையது என்று அவனுக்கே தெரிந்த ஒன்று இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

டாக்டர் கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உங்களோட அளவு உச்சத்துல நிக்குது. இப்படி இருந்தா அவரோடது இறங்க இடம் இருக்காது. படியிறங்கும்போது முழங்கால் வலி அவருக்கே வந்துரும்."

"வரட்டும்."

"கேமரா எல்லாம் நிக்குதே, தொம்மை." அவர் பெட்டியைத் திறந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். "புது மருந்து. வெளியிலருந்து வர்றதை இது தொடாது. உங்க சொந்தத்தை மட்டும் மரத்துப் போக வைக்கும். உங்களுக்கும் நிம்மதி."

"வேண்டாம்." தொம்மை கட்டிலின் மூலைக்கு ஒதுங்கினான். "டாக்டரய்யா, இது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. இத எடுக்காதீங்க. ஒங்க பிள்ளைய நெனச்சுக்கிடுங்க. இது எம்பிள்ளைக்காக நான் படுத வலி."

காவலர்கள் இரண்டு பேர் உள்ளே வந்து அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திச் சூடாக்கினார். வலிக்கவே இல்லை.

பத்து நிமிடத்தில் நெஞ்சு காலியாயிற்று. கடைத்தீவு என்று சொல்லிப் பார்த்தான். அமலி என்று சொல்லிப் பார்த்தான். பெயர்கள் ஞாபகம் இருந்தன, முகங்களும் ஞாபகம் இருந்தன. ஒன்றும் செய்யவில்லை. சட்டைப் பையில் இருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தான். இது எதற்காக எடுத்தது என்று தெரிந்தது. அழுகை வரவில்லை.

வெளியே ராணுவ இசை கேட்டது. முழங்கால்கள் வலித்தன: இருபத்து மூன்று படிகள். பிறகு கம்பளத்தின் மேல் நடை. இடது கால் சுண்டுவிரலில் அந்தக் கடி மறுபடி ஆரம்பித்தது. தொம்மை கண்ணை மூடி, அதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். அவனிடம் மிஞ்சியிருந்த வலி அது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. யாரோ அதிபருக்குப் பழைய செருப்பை எடுத்துக் கொடுத்திருந்தார்கள்.